ஈரம் புகாத ஒரு கோடை

மூங்கில் தூண்டில் தடி திருத்துவது என்பது, தண்ணீரில் பாவிப்பதற்கென்று செய்த ஒரு பொருளைத் தண்ணீரிடமிருந்து காப்பாற்றும் உத்தியோகம். இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் இருக்கிறது என்பது ரொறன்ரோவுக்கு வந்து ஒன்றரை வருடம் வரை எனக்குத் தெரியாது. பிறகு தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அதே வேலையில் மூன்று வருடம் கிடந்து உழன்றேன். ஸ்காபரோவின் நிலக்கீழ் பேஸ்மன்ற்களில் குடியிருந்து, கட்டிலுக்குக் கீழே வைத்த சூட்கேஸில் பூஞ்சணம் பிடித்ததைக் கண்டு தலையில் கைவைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால் என் கதை சுலபமாக விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன ஓம்

கிங்ஸ்ரன் வீதியில், ஏரியின் குளிர்காற்று வந்து படும் தூரத்தில் இருந்தது ஹரல்ட் என்பவரின் கடை. முன்பக்கம் தூண்டில் சாமான்கள் விற்பனை, பின்பக்கம் பட்டறை. கண்ணாடியில் 'ஆள் தேவை' என்று ஒரு மட்டை தொங்கியது. அதற்கு முதல் வாரம்தான் நான் வேலை செய்த பெட்டி மடிக்கும் ஃபக்ரறியில் எங்கள் ஷிஃப்ற்றை முழுதாக நிற்பாட்டியிருந்தார்கள். என்ன வேலை என்று மட்டையில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் உள்ளே போயிருப்பேன்.

ஹரல்டுக்கு அறுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். அங்கே மூங்கில் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். அது பொய்யில்லை, கண்டிப் பக்கம் ஆற்றங்கரையெல்லாம் மூங்கில்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நான் மூங்கிலை ஏணியாக மட்டுமே கண்டிருந்தேன். அடுத்ததாக, புழுக்கத்தில் மூங்கில் என்னென்ன செய்யும் என்று உனக்குத் தெரிந்திருக்குமே என்றார். வேலை கேட்கப் போன இடத்தில் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே என்பது, விமான நிலையத்தில் இறங்கிய அன்றைக்கே எங்கள் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும் புத்தி. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

ஹரல்ட் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "முப்பது வருடமாக அது தெரிந்த ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

ஆறு கீலம்

நீங்கள் நினைக்கிற மாதிரி இந்தத் தடி வெட்டி எடுத்த முழு மூங்கில் அல்ல. மூங்கிலை மெல்லிய கீலங்களாகப் பிளந்து, சீவி, ஆறு கீலங்களைப் பசையால் ஒட்டி, பட்டு நூல் சுற்றி, மேலே வார்னிஷ் பூசிச் செய்வார்கள். நுனி ஈர்க்கிலின் பருமன்தான் இருக்கும். கொக்கியில் இறகு கட்டிப் பூச்சி மாதிரி ஆக்கி, அதைக் காற்றில் வீசி வீசி ஆற்றில் விழுத்தி மீன் பிடிக்கிற வசதியான மனிதர்களின் பொழுதுபோக்கு அது. வார்னிஷில் ஒரு மயிர்க்கோடு வெடிப்பு விழுந்தால் போதும், ஈரலிப்பு உள்ளே போய்விடும். தடி வளையும், பசை விடும், ஆறு கீலமும் ஆறு திசைக்குக் கிளம்பும். ரொறன்ரோவின் யூலை மாதத்தில் வெடிப்புக்கூடத் தேவையில்லை. பூசின வார்னிஷ் நான்கு நாளானாலும் காயாமல் விரலில் ஒட்டும்.

அந்த வேலை எனக்கு இன்னொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. என் மனைவி வசந்தி கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தாள். அவளைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பப் பாரங்களை நிரப்பித் தந்த எங்கள் ஆள் ஒருவர், நிரந்தர வேலை என்று முதலாளியின் கடிதம் இல்லாமல் ஃபைலை அனுப்பவே கூடாது என்று அடித்துச் சொல்லியிருந்தார். நானோ தற்காலிகம். நான்கு மாதம் கழித்து, ஒரு மே மாதத்தில், ஹரல்டிடம் மெல்லப் போய் நிரந்தரமாக்கி ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதலாளியிடம் வீட்டுக் கதை கதைக்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். அவர் அப்போதுதான் திரும்பி வந்த ஒரு தடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பூசிய தடிகளில் ஒன்றுகூடத் திரும்பி வராமல் ஒரு கோடை போகட்டும், செப்ரெம்பர் தொடக்கத்தில் லேபர் டே அன்று கடிதம் உன் கையில் இருக்கும்" என்றார்.

பல் டொக்டரின் கவனம்

அந்தக் கோடைக்கு நான் பூசிக் கொடுத்தவை பதினேழு தடிகள். ஒவ்வொன்றையும் கொடுக்கும்போது, ஈரத்தோடு, தடியைப் போட்டு எடுத்துப்போகும் குழாய்க்குள் வைக்காதீர்கள், துடைத்துவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துச் சொன்னேன். யூன் போனது. யூலை போனது. ஓகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஒரு தடியும் வரவில்லை. நான் வசந்திக்கு, செப்ரெம்பரில் பாரம் போகும் என்று எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாது.

மூன்றாம் வாரம் ஒரு பல் டொக்டர் அலுமினியக் குழாயோடு வந்தார். மூடியைத் திறக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றார். நான் திறந்தேன். தண்ணீரில் மறந்துபோய் வைத்த சமையல் துணியின் மணம் கடை முழுக்கப் பரவியது. உள்ளே இருந்த துணி உறை பச்சையாகிவிட்டது. தடியின் வார்னிஷ் கொப்புளம் போட்டிருந்தது, நுனியில் இரண்டு கீலங்கள் பிரிந்து வாயைத் திறந்துகொண்டு நின்றன. யூலை முதல் கிழமை தூறலுக்குள் மீன் பிடித்துவிட்டு, நனைந்த கையோடு உறைக்குள் போட்டு, குழாய்க்குள் இறக்கி, இறுக்கி மூடி, காரின் பின்பெட்டியில் ஆறு கிழமை வைத்திருக்கிறார். வெளியே முப்பத்திரண்டு பாகை வெயில். நான் ஹரல்டைப் பார்த்தேன். ஹரல்ட் முகட்டைப் பார்த்தார்.

டொக்டர் உண்மையாகவே மனம் நொந்துபோய் நின்றார். "எப்படி இப்படி ஆனது? நான் அதை ஒரு நாள்கூட வெளியே எடுக்கவில்லையே, அவ்வளவு கவனமாக வைத்திருந்தேன்" என்றார்.

விட்பியில் ஒரு ஹீற்றர்

கடிதம் அடுத்த கோடைக்குத் தள்ளிப்போனது. கோடைக்குத்தான் இந்தப் பாடு, குளிர்காலத்தில் நிம்மதி என்று நினைத்தேன். அதுவும் பிழை. விட்பியில் புது வீடு வாங்கிப் போன ஒருவர் தன் தடியை வரவேற்பறைச் சுவரில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார், சூடான காற்று வருகிற துவாரத்துக்கு நேர் மேலே. ஐந்து மாதம் அந்தக் காற்றில் கிடந்து மூங்கில் காய்ந்து சுருங்கிவிட்டது. தடி இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் ஒன்றுக்குள் ஒன்று செருகுவதற்கு உலோகப் பூண் உண்டு. மூங்கில் சுருங்கியதும் பூண் கழன்று ஆடத் தொடங்கியிருக்கிறது. மனிதர் அதைக் கவனிக்காமல் சித்திரை கடைசியில் முதல் வீச்சை வீசியிருக்கிறார்.

அரைத் தடியோடு கடைக்கு வந்தார். அது நான் பூசிய தடிதான். ஆனால் இன்னும் கோடை தொடங்கவில்லை, கணக்கில் சேராது என்று ஹரல்ட் பெருந்தன்மையாகச் சொன்னார். மற்றப் பாதி எங்கே என்று நான் கேட்டேன்.

"அது மீனிடம் இருக்கிறது" என்றார் அவர்.

வெள்ளவத்தை

வசந்திக்கு நான் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் போன் எடுப்பேன். அங்கே பின்னேரம். லொட்ஜ்காரர் ரிசீவரைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கூப்பிடப் போகும்போது, தெருவில் பஸ் போகிற சத்தமும் யாரோ பிள்ளையை அதட்டுகிற சத்தமும் கேட்கும். முதல் வருடம் அவள் எப்போது, எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டாம் வருடம் அதைக் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காமல் விட்டதுதான் எனக்குக் கூடுதலாகப் பயமாக இருந்தது. பொலிஸ் பதிவு, அறை மாறச் சொன்னது, பக்கத்து அறைப் பெண்ணுக்கு விசா வந்து போனது என்று ஊர்ப் புதினம் மாதிரிச் சொல்லுவாள்.

பல் டொக்டரின் தடி வந்த கதையை அவளுக்கு விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் முயன்றேன். ஈரலிப்பு, வார்னிஷ், பசை, குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே கதைக்காமல் கேட்டாள். அங்கேயும் அப்போது மழை.

"இஞ்சருங்கோ, அங்கை மழை பெய்தால் எனக்கு ஏன் விசா பிந்துது?" என்றாள்.

எதிரெதிர்த் திசை

இரண்டாவது கோடை யூனில் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர்களின் காரைப் பார்த்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். நான் பூசிய தடி முழு நீளத்துக்குக் காரின் முன் கண்ணாடியிலிருந்து பின்னால் போய், ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கிழமை ஏரிக்கரையில் ஈரக் காற்றுக்குள் கழற்றாமல் வைத்திருந்ததில் பூண் இறுகிவிட்டது. இரண்டு துண்டும் பிரியவில்லை. வடக்கிலிருந்து மூன்றரை மணித்தியாலம் அந்தக் கோலத்தில் ஓடி வந்திருக்கிறார்கள். மழை வந்தபோது, நீட்டியிருந்த நுனிக்கு மனைவி பொலித்தீன் பையைக் கட்டி, ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுப் பிடித்துக்கொண்டே வந்தாராம்.

ஹரல்ட் அதைக் காயவைக்கிற அலுமாரிக்குள் நிற்பாட்டச் சொன்னார். அது ஆளுயர மர அலுமாரி, அடியில் ஒரு பல்ப் எரியும், அவ்வளவுதான். மூன்று நாளில் பூண் தானாக விட்டுக்கொடுத்தது. வார்னிஷில் ஒரு கீறல் இல்லை. இது திரும்பி வந்தது அல்ல, சும்மா வந்துபோனது என்று ஹரல்ட் தீர்ப்புச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த மனைவி முதல் நாள் கடையில் சொன்னதை மறக்க முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தீர்களா என்று ஹரல்ட் அவர்களைக் கேட்டிருந்தார்.

"இருபது வருடமாக நாங்கள் எதிரெதிர்த் திசையில்தான் இழுக்கிறோம், இது மட்டும் ஏன் பிரியவில்லை என்று தெரியவில்லை" என்றார் மனைவி.

ஐந்நூறு இடியப்பம்

லேபர் டேக்குப் பத்து நாள் இருந்தது. அந்தக் கோடையில் ஒரு தடியும் திரும்பி வரவில்லை. கடைசித் தடி ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியுடையது, செவ்வாய்க்கிழமை அவர் அதோடு வடக்கே போகவேண்டும். அந்தக் கிழமை பார்த்து மழை பிடித்தது. கடையில் ஈரம் உறிஞ்சுகிற மெசின் பழுதாகிவிட்டது. அலுமாரிக்குள் பல்ப் எரிந்தும் வார்னிஷ் பிசுபிசுவென்றே நின்றது. ஹரல்ட் ஊரில் இல்லை.

அஜின்கோர்ட்டில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மன்ற்றில் ஹீற்றர் அறையொன்று உண்டு. அங்கே வீட்டுக்காரரின் ஈரம் உறிஞ்சுகிற மெசின் இரவு பகலாக ஓடும். அந்த வீட்டிலேயே காய்ந்த இடம் அதுதான். வெள்ளிக்கிழமை மாலை, தடியின் இரண்டு துண்டையும் உயரமான ஒரு மட்டைப் பெட்டிக்குள் எங்கும் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, பஸ்ஸில் பிள்ளைத்தாச்சியைக் கூட்டிப்போவது மாதிரிக் கொண்டுபோனேன். ஹீற்றர் அறைக் குழாயில் கட்டித் தொங்கவிட்டேன். சனிக்கிழமை காலை தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஒரு பகல் போதும். சந்தோஷமாக வேலைக்குப் போனேன்.

வீட்டுக்காரரின் மனைவி ராணி அன்ரி பேஸ்மன்ற்றில் இருந்த இரண்டாவது குசினியில் ஓடருக்குச் சமைப்பார். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சனிக்கிழமை யாரோ ஒருவருடைய செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு ஐந்நூறு இடியப்பம் அவசர ஓடர். நான் பின்னேரம் வந்து கதவைத் திறந்தபோது படிக்கட்டில் கண் தெரியவில்லை, அவ்வளவு ஆவி. குழாய்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. மூன்றாவது பானைக்குக் கறன்ற் தேவைப்பட்டதால் அன்ரி மெசினின் பிளக்கைக் கழற்றியிருந்தார். ஹீற்றர் அறையில் என் தடி, பால் ஊற்றின மாதிரி வெளிறிப்போய் நின்றது. அது மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை. வார்னிஷ் முழுக்கத் துணி நூலும் விரல் அடையாளமும் இழுபட்டுக் கிடந்தன. நான் இடியப்பத் தட்டுகளுக்கு நடுவில் ஒரு மா வாளியின் மேல் உட்கார்ந்து அழுதேன். நாற்பது வயதுக்குக் கிட்டிய ஆம்பிளை, வெட்கமில்லாமல் அழுதேன்.

அன்ரி பதறிக்கொண்டு ஓடி வந்தார். "ஏன் தம்பி, உந்தத் தடிக்கு நான் ஒண்டும் செய்யேல்லை. வெள்ளையாப் படிஞ்சிருந்தது, ஈரத் துணியாலை வடிவாத் துடைச்சு விட்டனான்" என்றார்.

ஐந்து நிமிடம்

திங்கட்கிழமை காலை தடியை ஹரல்டின் மேசையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். இடியப்பம் என்றால் என்ன என்று கேட்டார். அரிசி மாவை நூல் நூலாகப் பிழிந்து ஆவியில் அவிப்பது என்றேன். தடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீதிபதிக்கு இப்போதைக்குத் தன்னிடம் இருக்கிற தடியையே கொடுத்தனுப்பலாம், இதைச் சுரண்டிவிட்டு ஒக்ரோபரில் காற்றுக் காய்ந்ததும் மறுபடி பூசலாம் என்றார். அவர் கோபிக்காதது எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. அப்படியானால் இந்தக் கோடையும் போய்விட்டது, கடிதத்துக்கு இன்னொரு வருடம் காத்திருக்கிறேன் என்றேன்.

"எந்தக் கடிதம்?" என்றார் ஹரல்ட்.

நான் நினைவுபடுத்தினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். ஒரு தடியும் திரும்பி வராத கோடை தனக்கே முப்பது வருடத்தில் ஒன்றுகூட வாய்த்ததில்லை என்றார். நீதான் புழுக்கத்தில் மூங்கில் என்ன செய்யும் என்று தெரியும் என்றாய், எனக்குத் தெரியாத ஏதோ உனக்குத் தெரியும் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னேன் என்றார். பிறகு, கடிதம் எதற்கு என்று முதல்தடவையாகக் கேட்டார். மனைவி என்றேன். உனக்கு மனைவி இருக்கிறாளா என்றார். இரண்டு வருடத்துக்குக் கிட்ட, என் பக்கத்தில் நின்று வேலை செய்த மனிதர். அவர் தட்டெழுத்து மெசினை இழுத்து முன்னால் வைத்தார். கடிதம் ஐந்து வரி. அடித்துக் கையெழுத்து வைக்க ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அதைக் கையில் வாங்கியபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வெறுத்துப்போய்விட்டது, முழுக்க முழுக்க என்மேலேயே.

அந்தக் கடிதத்தோடு பாரம் போய், மெடிக்கல் செய்து, அது காலாவதியாகி மறுபடி செய்து, வசந்தி வந்து இறங்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. வந்தவளின் முன்தலையில் நரை இருந்தது. அதை இரண்டு பேரும் கண்டும் காணாதது மாதிரி இருந்தோம். ஆனால் கடிதம் கிடைத்த கதையை மறுநாள் காலை போனில் சொன்னபோதே அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்.

"ரெண்டு வருசமா நீங்கள் மழையோடைதான் மல்லுக்கட்டியிருக்கிறியள், அந்த மனிசனோடை ஒரு சொல்லுக் கதைக்கேல்லை" என்றாள்.

மூங்கில் தடிக்குள் ஈரம் எந்த வழியால் போகும் என்று இன்றைக்கும் என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும், இரண்டு கோடை எந்த வழியால் போனது என்பதைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.